பதினேழு ஜாடிக் குண்டுகளும் ஒரு ஐஸ்க்ரீம் வாளியும்

பழைய பால்பண்ணைச் சாலை,
மொன்டானா.
செவ்வாய்க்கிழமை காலை.

பில்லிங்ஸில் வசிக்கும் என் ஒரே தங்கை டோரீனுக்கு அண்ணன் ஹார்லன் எழுதிக்கொள்வது.

என் பட்டறையில் பதினேழு கண்ணாடி ஜாடிகளில் இனம் பிரித்து வைத்திருந்த துப்பாக்கிக் குண்டுகள் அத்தனையையும் நீ ஒரே ஐஸ்க்ரீம் வாளியில் கொட்டிவிட்டாய். கொட்டியதோடு நிற்காமல் பாத்திரம் துலக்கும் சோப்புப் போட்டுக் கழுவியும் வைத்துவிட்டாய். நடந்த குற்றம் இதுதான். நீயும் கிளிஃபர்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே மழை உண்டா? இங்கே இல்லை. மரியாதைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "எல்லாம் செம்புக் கலர்ல ஒரே மாதிரிதானே அண்ணே இருந்துச்சு, இதுல என்ன பெரிய வித்தியாசம்?" என்றாய். உன் தேவாலயத்தில் எல்லோரும்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இருப்பது ஒன்றா? உடனே கிளிஃபர்ட் போனைப் பிடுங்கி, "மச்சான், தராசுல போட்டு நிறுத்துப் பிரிச்சுக்க வேண்டியதுதானே, இதுக்கு ஏன் இந்தக் கூப்பாடு?" என்றான். தராசு எடையைச் சொல்லும், குணத்தைச் சொல்லுமா? ஐம்பத்தைந்து கிரெயின் எடையுள்ள குண்டு என்னிடம் மூன்று வகை இருந்தது. மூன்றும் ஒரே எடை, ஒரே நீளம், மூன்றின் நுனியிலும் ஈயம் எட்டிப் பார்க்கும். ஒன்று மெல்லிய செம்பு உறை போட்டது, வயலில் வளை தோண்டும் கோஃபர் எலியை அடிக்கச் செய்தது. முதல் சுவரிலேயே தூளாகிவிடும். இன்னொன்று மானுக்குச் செய்தது, ஈயமும் உறையும் ஒட்டியே இருக்கும். சுவர், அலமாரி, அதற்கப்பால் யார் இருந்தாலும் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், மனம் போனபடி நடக்கும், கிளிஃபர்ட் மாதிரி. வாளிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து இது எது என்று அவனைச் சொல்லச் சொல். சொல்லிவிட்டால் என் பிக்கப்பை அவனுக்கே கொடுத்துவிடுகிறேன். சொந்தமாகத் தோட்டா செய்கிறவன் எவனும் பெயர் தெரியாத குண்டைத் தோட்டாக் கூட்டில் ஏற்ற மாட்டான். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். நான் அளந்து அளந்து வைத்ததை நீ வாளியில் போட்டாய்.

நான் பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரை. குண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நானே படித்தது, நானே சுட்டுப் பார்த்தது. இரண்டு வருடத்துக்கு முன் சாலை முனையில் இருக்கும் ஹால்வர்சன் வீட்டில், அவர்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, எவனோ ஒருவன் உள்ளே வந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனது உனக்கு நினைவிருக்கும். போகும்போது ஒரு ரொட்டியையும் எடுத்துக்கொண்டான். ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஆள் வர நாற்பது நிமிடம். அன்றைக்குத்தான் நான் என் ரைஃபிளுக்கு வீட்டுக் காவல் தோட்டா செய்வது என்று முடிவு செய்தேன். ஆனால் என் வீட்டின் அமைப்பு உனக்குத் தெரியும். என் கட்டிலிலிருந்து முன்வாசலுக்கு ஒரு கோடு போட்டு, அதை அப்படியே நீட்டினால், வாசலை ஒட்டிய சுவரைத் தாண்டி அந்தக் கோடு உன் அண்ணி வெர்னாவின் தலையணையில் போய் முடியும். என் குறட்டை தாங்காமல் அவள் அந்த அறைக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. ஆகவே திருடனை நிறுத்த வேண்டும், சுவரில் நிற்க வேண்டும், வெர்னாவைத் தொடக் கூடாது. இந்த மூன்று குணமும் உள்ள ஒரு குண்டுதான் எனக்கு வேண்டியது. கடையில் கேட்டால் விற்கிறவன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். ரைஃபிள் கிளப்பில் கேட்டால் ஏழு பேர் எட்டு பதில் சொல்கிறார்கள். உன் புருஷனிடம் கோஃபர் குண்டு நல்லது என்று சொன்னதற்கு, "ஏன் மச்சான், வர்ற திருடன் வளைக்குள்ளேருந்தா வரப்போறான்?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

அதனால் நானே சோதித்தேன். சரளைக்கல் பள்ளத்தில் என் வீட்டுச் சுவரைப் போலவே மரச் சட்டம் அடித்து இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை வைத்தேன். முன்னால் ஒரு பிளாஸ்டிக் பால் கேன், பின்னால் தலையணை உயரத்தில் இன்னொரு பால் கேன், இரண்டிலும் தண்ணீர். எது எது என்று குழம்பக் கூடாது என்பதற்காக முன்னால் இருந்ததில் 'திருடன்' என்றும் பின்னால் இருந்ததில் 'வெர்னா' என்றும் கறுப்பு மையால் எழுதினேன். ஒவ்வொரு வகைக் குண்டுக்கும் நாலு முறை சுட்டேன். முடிவைக் காகித டேப்பில் எழுதி அந்தந்த ஜாடியில் ஒட்டினேன். முறையாக வேலை செய்கிறவன் வேறு எப்படிச் செய்வான்?

நீ நாலு நாள் இருந்து வீட்டைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வந்தாய். வெர்னாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி அவள் டவுனில் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள், நான் தினமும் அவளைப் பார்க்கப் போய்விடுகிறேன், வீட்டில் கேட்பாரில்லை. வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவளுக்குப் பட்டறையில் என்ன வேலை? எங்கள் தேவாலய அறுவடைச் சந்தைக்குக் காட்டுச் செர்ரி ஜெல்லி செய்ய ஜாடி வேண்டுமென்றால் கடையில் இல்லையா? சரி, எடுத்தாய். எடுத்தவள் டேப்பையாவது முழுசாக உரித்திருக்கக் கூடாதா? இரண்டு ஜாடியில் உரிய மறுத்தது என்று அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் பூப்போட்ட சீட்டில் 'வீட்டு ஜெல்லி, அன்புடன்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாய். அந்த ஜாடிகளில் ஒன்றை வாங்கியவள் யார்? மார்லிஸ் ஸ்டென்ஸ்ருட். இந்தக் கவுண்டியில் எந்தச் செய்தியும் தந்தியை விட வேகமாகப் போக வேண்டுமென்றால் அவளிடம் கொடுத்தால் போதும். அவள் வாங்கிய ஜாடியில் என் கையெழுத்தில் என்ன இருந்தது தெரியுமா? 'வெர்னா நாலு தடவையும் செத்தாள். இது சரிப்படாது. வேறு பார்க்க வேண்டும்.'

ஊரார் வெர்னாவைத் தேவாலயத்தில் பார்த்து ஐந்து வாரம் ஆகிறது. அவள் ஆபரேஷனைப் பற்றி ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். மார்லிஸுக்கு அதுவே போதுமாக இருந்தது. சந்தை முடிந்த மறுநாள், அதாவது நேற்றுக் காலை, ஷெரிஃப் ஆபீஸ் டெபுடி ரஸ்ஸல் என் வாசலில் வந்து நின்றான், கையில் ஜெல்லி ஜாடியோடு. ஏற்கெனவே சரளைக்கல் பள்ளத்துக்கும் போய்விட்டு வந்திருக்கிறான். அங்கே ஓட்டை விழுந்த வெர்னாக்கள் முப்பதுக்கு மேல் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். முகம் வெளுத்திருந்தது.

"பெரியவரே, வெர்னாம்மா எங்க?"

"டவுன்ல. இடுப்பு மாத்தியிருக்கு."

"நீங்க பாத்து எத்தனை நாளாச்சு?"

"நேத்து பாத்தேன்."

"உசிரோடயா?"

"உசிரோடதான். சட்டைக் காலர் அழுக்கா இருக்குன்னு ஒரு மணி நேரம் திட்டினா. செத்தவ திட்டுவாளா?"

பட்டறைக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். சட்டம், பலகை, திருடன், வெர்னா, உறை மெல்லியது, உறை தடித்தது எல்லாம். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டான், ஜாடியைத் திறந்து விரலால் ஜெல்லியை நக்கிக்கொண்டே கேட்டான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்ப இப்ப துப்பாக்கியில எந்தத் தோட்டா போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடல."

"ஒண்ணுமே போடலயா?"

"இன்னும் முடிவாகல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"இந்த ரெண்டு வருஷத்துல திருடன் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க பெரியவரே?"

"அவசரப்பட்டு முடிவெடுக்கிற பழக்கம் எனக்கில்ல தம்பி."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வண்டியில் ஏறி, வாசல் தாண்டி, சாலை திரும்பும் வரை அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

அதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், மனதுக்குள்ளேயே உன்னைத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் புகார் என்று வந்துவிட்டால் எழுதித்தான் ஆக வேண்டுமாம், அவன் எழுதிவிட்டான், அது பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டது. அங்கே நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். நேற்று மாலை போனேன். அவள் என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "வீட்டுல கோபம் வந்தா வழக்கமா என்ன பண்ணுவீங்க மிஸ்டர் டுவெய்ட்?" என்று கேட்டாள். "தங்கச்சிக்குக் கடுதாசி எழுதுவேன்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். வெர்னா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர வேண்டியவள். இப்போது குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, அந்த வீடு வெர்னாவுக்குப் பாதுகாப்பானது என்று எழுதித் தரும் வரை அனுப்ப முடியாது என்கிறாள். நான் எழுதித் தருகிறேன் என்றேன். நான் எழுதினால் செல்லாதாம். இரண்டு வருடம், அத்தனை பால் கேன், பதினேழு ஜாடி, எல்லாமே அவள் தலையணையில் ஒரு துரும்பும் படக் கூடாது என்பதற்காக. அதைச் செய்தவன் எழுதினால் செல்லாது! வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லாமல் ஐந்து வாரம் ஆகிறது டோரீன். நான் டப்பா பீன்ஸைச் சூடு பண்ணாமல் தின்கிறேன், கேட்க நாதியில்லை.

ஆகவே நடக்க வேண்டியது இது. நீ இன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பராமரிப்பு இல்லத்துப் பெண்ணுக்கு எழுத வேண்டும்: வெர்னா என்பது பால் கேன், ஜாடி என் தவறு, என் அண்ணன் ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன் என்று. கோஃபரை அதில் சேர்க்காதே, பொய் சொல்ல வேண்டாம். மார்லிஸ் வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து காபி ஊற்றும் நேரத்தில், எந்தக் குரலில் வதந்தி சொன்னாளோ அதே குரலில், வெர்னா உயிரோடு இருக்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ரஸ்ஸல் ஜாடியைத் திருப்பித் தர வேண்டும். ஜெல்லியை அவன் வைத்துக்கொள்ளட்டும், டேப் எனக்கு வேண்டும், அது சோதனைப் பதிவு. மற்றப் பதினாறு ஜாடிகளையும் வாங்கியவர்களிடமிருந்து நீ திரும்ப வாங்க வேண்டும், அவர்கள் தின்று முடிக்கும் வரை காத்திருக்க நேர்ந்தாலும் சரி. கிளிஃபர்ட் சனிக்கிழமை வந்து வாளியின் முன்னால் உட்கார வேண்டும். ஒவ்வொரு குண்டாக அரத்தால் வெட்டி உறையின் கனத்தைப் பார்த்து அவன் பிரிக்கட்டும், நான் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்ப்பேன். வெட்டிய பிறகு அந்தக் குண்டு எதற்கும் உதவாது என்பது எனக்கும் தெரியும். தண்டனை என்றால் அப்படித்தான் இருக்கும்.

உங்கள் இருவருக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும், அடுத்தவன் பட்டறைக்குள் போகாத நற்புத்தியும் தரட்டும்.

மாறாத கோபத்துடன், ஆனாலும் உன் அண்ணன்,
ஹார்லன் டுவெய்ட்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் இதை வெர்னாவிடம் வாசித்துக் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். உன் பக்கம் தப்பு என்பதை அவளும் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பாதியிலேயே நிறுத்தினாள். "ஹார்லன், அந்தப் பதினேழு ஜாடியும் யாருது?" என்றாள். பட்டறையில் இருந்தது என்றேன். "பட்டறைக்கு எப்படிப் போச்சு? எங்கம்மா எனக்குக் கொடுத்த ஜாடிங்க. ரெண்டு வருஷமா தேடுறேன். டோரீன்கிட்ட நான்தான் சொன்னேன், எங்க இருக்குன்னு கண்டுபிடி, உள்ளே என்ன இருந்தாலும் கொட்டு, சோப்புப் போட்டுக் கழுவுன்னு" என்றாள். குண்டையும் சேர்த்துக் கழுவச் சொல்லவில்லையாம், அது மட்டும் உன் சொந்த யோசனை. பக்கத்தில் நின்ற அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி கொண்டுவரச் சொன்னாள். கடிதம் எதுவும் வேண்டாமாம். கிளம்பும்போது வெர்னா, "அப்புறம் ஹார்லன், என் கட்டிலை ஜன்னல் பக்கமா நகர்த்திப் போடு. ரெண்டு வருஷமா ஒரு குண்டைத் தேடினவனுக்கு இது தோணலையா?" என்றாள். நகர்த்திவிட்டேன், பதினோரு நிமிடம் ஆனது. ஆகவே மேலே சொன்ன எதையும் யாரும் செய்ய வேண்டாம். ஆனால் எழுதியதைக் கிழிக்க எனக்கு மனமில்லை, அதனால் அனுப்புகிறேன். கட்டில் இருந்த இடத்தில் இப்போது எல்க் மான் இறைச்சி வைத்திருக்கும் ஃப்ரீசரைத் தள்ளி வைத்திருக்கிறேன், கோடு நேராக அதில்தான் போய் முடிகிறது. இனி எந்தக் குண்டும் அதைத் தாண்டாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, தெரிவது வேறு. உங்கள் கொட்டகையில் ஒரு பழைய ஃப்ரீசர் சும்மா கிடந்ததே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் சனிக்கிழமை கிளிஃபர்டை அதை ஏற்றிக்கொண்டு நேராகச் சரளைக்கல் பள்ளத்துக்கு வரச் சொல். வெர்னாவிடம் சொல்ல வேண்டாம்.