கப்சிப் அண்ணன் வாயை மூடிய கதை

தஞ்சாவூர் ஜில்லாவில் வாயை மூடிக்கொண்டே காரியம் சாதித்த ஒரே மனிதர் எங்கள் கப்சிப் அண்ணன்தான். மற்ற நேரத்தில் அவர் வாயைத் திறந்தால், புது பஸ் ஸ்டாண்டில் தொடங்கிய பேச்சு நாகூர் போனாலும் நிற்காது. அது வேறு விஷயம்.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அறுவடை மெஷினுக்கு முறை பதிய ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தோம். யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய திறந்த மென்பொருள். சம்பா அறுப்புக்குள் வெளியிட வேண்டும். திரை புரியாமல் யாராவது தப்பாகத் தட்டினால் மெஷின் வராது, முற்றிய கதிர் மழையில் சாய்ந்துவிடும். அதனால் முதலில் சோதித்துப் பார்க்க ஆள் திரட்டும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார்.

அவர் சட்டம் ஒன்றே ஒன்று: தட்டுகிறவர் எவ்வளவு தடுமாறினாலும் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கப்சிப். தன் வாய் மேலேயே நம்பிக்கை இல்லாததால், சோதனை தொடங்கியதும் வெற்றிலையைப் போட்டு வாயை அடைத்துக்கொள்வார். நான் வாயெடுத்தால் தொடையில் கிள்ளு விழும். அந்த வருஷம் என் தொடை தொடையாகவே இல்லை.

நன்னிலத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்யும் ராஜாத்தி அக்கா வந்தார். காபி கொடுத்து உட்கார வைத்தோம். எங்கே பதிவது என்று தெரியாமல் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்றார். அதற்கு முன் வந்தவர்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பதியவே இல்லியேம்மா, அப்புறம் என்ன நல்லா இருக்கு?"

"காபி குடிச்ச எடத்துல உக்காந்துக்கிட்டு குறை சொல்லலாமாண்ணே?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். அப்ப நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம். காபி நீங்க குடுங்க."

போனோம். தன் வீட்டில், தன் காபியை எங்களுக்குக் கொடுத்த தெம்பில், அக்கா எங்களைக் கிழி கிழியென்று கிழித்தார். "இவ்ளோ பொடி எழுத்து யாருக்கு, எறும்புக்கா? மழை வந்தா பதிஞ்ச தேதிய மாத்துறதுக்கு வழி எங்க?" நான் கூனிக்குறுகிப் போனேன். அண்ணன் முகத்திலோ கல்யாண விருந்து சாப்பிட்ட களை. அன்றிலிருந்து எல்லாச் சோதனையும் அவரவர் வீட்டில்தான்.

எல்லாம் திருத்தி, வெளியிட்டு, மறுபடி நன்னிலம் போனபோது மேகம் கட்டியிருந்தது. அக்காவின் கதிர் முற்றி நின்றது. அவர் போனை எடுத்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் தயங்கி நின்றது. எனக்கு விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன் கிள்ளவில்லை, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல் மெல்ல நகர்ந்து சரியான இடத்தில் அழுத்தியது.

"நாளைக்குக் காலையில மெஷின் வருதுண்ணே" என்றார் அக்கா.

அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னண்ணே என்றேன்.

"வெத்தலையில சுண்ணாம்பு கூடிப்போச்சு தம்பி."

அன்றைக்கு அவர் வெற்றிலையே போட்டிருக்கவில்லை. அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நானும் கப்சிப்.