மருந்தெடுக்கும் சாமியும் ஒரு செம்பு மோரும்

பேரிகை முனிவேல் சாமி வைத்தியம் தொடங்குமுன் திரைக்குப் பின்னே சென்று குலதெய்வத்தை வணங்குவார். திரும்பி வந்தபின் வாய் திறவார். மௌன விரதமாம். பிறகு நோயாளியின் தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். யாரோ சோற்றில் கலந்து வைத்த வசிய மருந்து, கறுத்த உருண்டையாகத் தட்டில் விழும். ராயக்கோட்டை, ஜவளகிரி, மாநில எல்லைக்கு அப்பால் மாலூரிலிருந்தெல்லாம் பக்தர்கள் குவிந்தார்கள். குழலின் ஒரு முனை வயிற்றில் இருந்தது. மறுமுனை எங்கே இருந்தது என்று எவரும் கேட்கவில்லை.

அன்று படுத்திருந்தவன் ஓசூரில் லேத் ஓட்டும் கரியப்பன். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, சோர்வு, காரணமற்ற எரிச்சல். மனைவி சரசம்மாதான் மருந்து வைத்தாள் என்று அவன் தாய் மாரம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். கரியப்பனும் மனைவி கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. உருண்டை விழுந்தால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு.

மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் தின்னும் களியிலிருந்து ரசாயனங்களைச் செய்து உடம்புக்குச் சேதி அனுப்புகின்றன. தும்மலுக்கெல்லாம் கரியப்பன் விழுங்கிய கிருமிக்கொல்லி கேப்சூல்கள் அந்த நல்ல குடிகளை அழித்துவிட்டன. அதை நிறுத்து, மோர் குடி என்றார். மாரம்மா சிரித்தாள். கண்ணுக்குத் தெரியாத பேயை நம்பியவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்பக் கூச்சமாக இருந்தது.

தான் வைக்காத மருந்து வயிற்றில் இருக்க முடியாது என்பது அந்தக் கூட்டத்தில் சரசம்மா ஒருத்திக்கே உறுதியாகத் தெரியும். திரைக்குப் பின்னிருந்து உதடுகளை இறுக்கியபடி வந்த சாமிமுன் மோர்ச் செம்போடு நின்றாள்.

“ஒரு வாய் மோர் குடிச்சிட்டு எடுங்க சாமி.”

சாமி தலையை ஆட்டினார்.

“மௌனம் பேசறதுக்குத்தானே சாமி? குடிக்கறதுக்கு இல்லீங்களே.”

நீட்டிய மோரை மறுப்பது பாவம் என்று முந்தைய வாரம் உபதேசித்தவர் அவரே. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தார். தொண்டை பெரிதாக ஏறி இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. பிறகு உறிஞ்சினார், மீண்டும் உறிஞ்சினார். தட்டு வெறுமையாகவே இருந்தது.

மருந்து இன்று அடம்பிடிக்கிறது என்றார் சாமி. அவர் பற்கள் கறுத்திருந்தன.

“எப்படி வரும்? அது இப்ப உங்க வயித்துலதானே இருக்குது,” என்றாள் சரசம்மா.

யாரோ திரையை இழுத்தார்கள். புளியும் கரியும் பிசைந்த உருண்டைகள், அடுத்தடுத்த பக்தர்களுக்காக முறத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

கரியப்பன் எழுந்து, மீதி மோரை மனைவி கையிலிருந்து வாங்கிக் குடித்தான். மாரம்மா, பழி சொன்ன வாசல்தோறும் மருமகளை அழைத்துச் சென்று நின்றாள். “எம் மருமக மேல பொய்ப்பழி போட்டுட்டேன். தப்பு எம்மேல” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள்.

வயிற்றுக்குள் கண்காணாத உயிர்கள் நமக்காக ஓயாமல் உழைக்கின்றன. அன்பர்களே, தலைக்குள் இருப்பதற்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்.