‘பன்னிரண்டு பெட்டி’க்கு ஒரு பரிந்துரை

ஒரு நூலைத் திறக்காமலே அதன் ஆழத்தைக் கண்டுவிடும் அரிய கலையை உலகுக்கு அளித்த ஊர் மல்லாவி. வேறெந்த ஊராவது இந்தப் பெருமைக்கு உரிமை கோருமானால், அது 1998ஆம் ஆண்டுக்குப் போய் ‘மல்லாவிச் சுயாதீன எழுத்தாளர் ஒன்றிய’த்தின் செயலாளர் கதிர்காமநாதனை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

கதிர்காமநாதன் ஓய்வுபெற்ற தபாலதிபர். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியில் இடம் போதாமல், மனைவி விமலேஸ்வரியின் தையல் மெசினை இறக்கிவிட்டுத் தன் நாவலின் கையெழுத்துப் பிரதியை ஏற்றியவர். அடுத்தவர் பொருளைக் கொண்டு இலக்கியத்துக்காக இத்தனை பெரிய தியாகம் செய்தவர் எவருமில்லை.

ஒன்றியத்தில் ஆறு பேர். ஆறு பேரும் ‘சுயாதீன’ எழுத்தாளர்கள். அதாவது, எந்தப் பதிப்பகமும் அவர்களைத் தேடிவந்து தொந்தரவு செய்ததில்லை. அவர்கள் றோணியோ மெசினில் உருட்டி எடுக்கும் இதழில் ‘அண்மையில் வாசித்து மகிழ்ந்தவை’ என்றொரு பகுதி வரும். அதில் கதிர்காமநாதன் அப்புத்துரையின் கவிதைகளைப் பரிந்துரைப்பார். அப்புத்துரை கதிர்காமநாதனின் நாவலைப் பரிந்துரைப்பார். மற்ற நால்வரும் அப்படியே ஒருவரையொருவர் வாசித்து மகிழ்வார்கள். உண்மையில் வாசித்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அது மட்டும் தவிர்க்கப்பட்டது. நூலைக் கையில் ஏந்தி எடை பார்ப்பது, முகர்வது, அட்டையை நோக்கி இரண்டு தரம் தலையாட்டுவது: இதுவே கதிர்காமநாதனின் திறனாய்வு முறை.

“என்ர தொகுப்பு எப்பிடியண்ணை?” என்று அப்புத்துரை ஒருநாள் கேட்டார்.

“கனதியானது.”

“எந்தக் கவிதை பிடிச்சது?”

“ஒண்டொண்டாப் பிரிச்சுப் பார்க்கக் கூடாது அப்புத்துரை. மொத்தமாத்தான் பார்க்க வேணும்.”

“அதையேதான் நானும் உங்கட நாவலைப் பற்றி எழுதினனான்.”

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஒரு தாள் வவுனியாவைத் தாண்டி வருவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், இந்த ஒன்றியம் ஐந்து மாதத்தில் ஆறு நூல்களை வெளியிட்டது. எப்படி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் பன்னிரண்டு பெட்டி அப்பியாசக் கொப்பிகளை அனுப்பியிருந்தது. மார்கழி மழை. ஊரில் ஒழுகாத கூரை வாசிகசாலைக்குத்தான் இருந்தது. அதன் பூட்டுக்குரிய திறப்பு கதிர்காமநாதனின் இடுப்பில் இருந்தது. கொப்பிகளைப் பாதுகாத்துத் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரும் பாதுகாத்தார். கறையான் அரித்துவிடுமே என்ற கவலையில் எட்டுப் பெட்டியின் கொப்பிகளைக் கம்பி கழற்றி, தாளை விரித்து, மிதி அச்சில் ஏற்றி இலக்கியமாக்கினார்கள். அதன்பிறகு கறையான்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

மிச்சம் நான்கு பெட்டி. அவற்றில் ஒன்று அவருக்குக் கதிரையாகவும் ஒன்று மேசையாகவும் தொண்டாற்றின.

புனிதமலர் அங்கேதான் வந்து நின்றாள். முல்லைத்தீவுக் கரையில் வலையும் வள்ளமும் விட்டு ஓடிவந்த கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்துப் பெண். ஒரு பாலைமரத்துக்குக் கீழே அறுபத்துமூன்று பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். காற்றடித்தால் கணக்குப் போய்விடும். ஆவணியில் புலமைப்பரிசில் சோதனை. இதைக் கேட்டு வயிறு எரியாதவர்கள் தாராளமாக ஒன்றியத்தில் சேரலாம்.

“ஐயா, அந்தக் கொப்பியளைத் தாங்கோவன்.”

“பரிசீலனையிலை இருக்குது பிள்ளை. செயற்குழு கூடித் தீர்மானம் எடுக்க வேணும்.”

“எப்ப கூடுவியள்?”

“தீர்மானம் எழுதத் தாள் இல்லை. அதாலைதான் கூட்டம் பிந்துது.” சொல்லிவிட்டுக் கொப்பிப் பெட்டியின் மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

தையில் கேட்டாள், மாசியில் கேட்டாள், பங்குனியில் கேட்டாள். சித்திரையில் அவள் கொப்பி கேட்கவில்லை. ஒன்றியத்தில் சேர வேண்டும் என்றாள்.

பரிந்துரைப்பவரே பரிந்துரைக்கப்படுவார் என்பது ஒன்றியத்தின் விதி. ஆகவே முதலில் கதிர்காமநாதனின் நாவலைப் பற்றி எழுதிக் கொடுத்தாள்: ‘இந்நாவலின் தாள் மிக உயர்ந்தது. கோடுகள் நேராக உள்ளன. பிள்ளைகள் கண்டால் விடமாட்டார்கள்.’

கதிர்காமநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. “பாரும், பிள்ளையளைக்கூட என்ர எழுத்து இழுக்குமாம்” என்று மனைவியிடம் காட்டினார்.

“அவா தாளைப் பற்றியெல்லே எழுதியிருக்கிறா” என்றாள் விமலேஸ்வரி.

“உமக்கு இலக்கியம் விளங்காது.”

அடுத்த கிழமை புனிதமலர் தன் நூலைக் கொண்டுவந்தாள். ஒரே ஒரு பிரதி. சவர்க்காரப் பெட்டி மட்டைகளின் உட்புறத்தில் கையால் எழுதி, வலை கட்டும் நூலால் தைத்திருந்தாள். எட்டுப் பக்கம். தலைப்பு ‘பன்னிரண்டு பெட்டி.’

கதிர்காமநாதன் ஒன்பதாவது பெட்டியில் இருந்துகொண்டு, பத்தாவது பெட்டியில் நூலை வைத்து, நெடுநேரம் முகர்ந்தார்.

“சவர்க்கார வாசம். தூய்மையின் குறியீடு” என்றார்.

“பன்னிரண்டு எண்டது ராசியா இருக்குமோ?” என்று அப்புத்துரை கேட்டார்.

“ராசிதான்.”

“வேதக்காரப் பிள்ளையண்ணை. பன்னிரண்டு சீடராயும் இருக்கலாம்.”

“அதையும் சேர்ப்பம்.”

இவ்விதமாகப் பிறந்ததுதான் அந்தப் பரிந்துரை: ‘ராசிகளிலும் வேதத்திலும் ஒருங்கே வேரூன்றிய இந்நூலை மூன்று தரம் வாசித்து மகிழ்ந்தேன். இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க இயலாது.’ ஒன்றியத்தின் ஆறு பேரும் வரிசையாக ஒப்பமிட்டார்கள்.

வெளியீட்டு விழா வாசிகசாலையிலேயே நடந்தது. மங்கல விளக்கு ஏற்றப்பட்டு, எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக உடனே அணைக்கப்பட்டது. பிரதம விருந்தினராகக் கல்வி அதிகாரி அருந்ததியைப் புனிதமலர் அழைத்திருந்தாள். இப்படியொரு ஆள் தன் உரையைக் கேட்க வந்திருக்கிறாவே என்று கதிர்காமநாதனுக்கு உள்ளம் குளிர்ந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். பரிந்துரையை இரண்டு தரம் வாசித்தார். ‘ஒவ்வொரு சொல்லும் சத்தியம்’ என்ற இடத்தில் மேசையில், அதாவது பத்தாவது பெட்டியில், ஓங்கித் தட்டினார்.

புனிதமலர் ஏற்புரைக்கு எழுந்தாள்.

“எனக்குப் பேசத் தெரியாது. புத்தகம் சின்னன். முழுக்க வாசிக்கிறன்.”

வாசித்தாள்: “‘மார்கழி மாதம் பிள்ளைகளுக்கென்று பன்னிரண்டு பெட்டி கொப்பி இந்த வாசிகசாலையில் இறங்கியது. பொறுப்பெடுத்தவர் திரு. கதிர்காமநாதன். எட்டுப் பெட்டியை ஒன்றியத்து ஆறு பேரும் தங்கள் நூல்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். மற்ற நான்கின் மேலும் ஏறி இருக்கிறார்கள்.’”

அடுத்த பக்கத்தில் அவள் வந்து கேட்ட திகதிகள். மிச்சப் பக்கமெல்லாம் அறுபத்துமூன்று பிள்ளைகளின் பெயர்கள். ஒன்றையும் விடாமல் வாசித்து முடித்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள்.

கதிர்காமநாதன் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு கணக்குப் போட்டார். அபாண்டம் என்று ஒரு சத்தம் போட்டால் போதும், தப்பலாம். ஆனால் அதற்கு இந்த நூலை வாசிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாசிக்காமல் இதைப் பரிந்துரைத்தார் என்றால், வேறு எதைத்தான் வாசித்தார் என்று சபை கேட்கும். அவருடைய நாவலைத்தான் யார் வாசித்தார் என்றும் கேட்கும்.

அருந்ததி பரிந்துரையைக் கையில் எடுத்தா. “ஐயா, ஒரு கேள்வி. நீங்கள் உண்மையிலை இதை வாசிச்சனீங்களோ?”

கள்ளனா, வாசிக்காதவனா? மல்லாவியின் மானம் அந்தக் கணத்தில் அவர் நாக்கில் தொங்கியது. அதைக் கைவிடுகிற ஆள் அவரல்ல.

“ஓம்” என்றார். “மூண்டு தரம் வாசிச்சனான்.”

“நீங்கள்?”

“நான் நாலு தரம்” என்றார் அப்புத்துரை.

மற்ற நால்வரும் அவ்வாறே தாங்கள் ஆழ்ந்த வாசகர்கள் என்பதை நிரூபித்துக் களவில் தத்தம் பங்கை ஏற்றுக்கொண்டார்கள். இலக்கியத்துக்காக மனிதர்கள் இவ்வளவு தூரம் போவார்கள் என்று அருந்ததி எதிர்பார்க்கவில்லை. நான்கு பெட்டியையும் அன்றைக்கே பாலைமரத்தடிக்கு ஏற்றச் சொன்னா. தாள் பிள்ளைகளுடையது என்பதால், விற்காமல் கிடந்த ஒன்றிய நூல்களையும் அங்கேயே கொடுக்கச் சொன்னா. எல்லா நூலும் விற்காமல்தான் கிடந்தன.

அப்புத்துரையின் தொகுப்பு கணக்குக்கு மிகவும் தோதாக அமைந்தது. புதுக்கவிதை, வரிக்கு மூன்று சொல், மீதிப் பக்கம் வெறும் கோடு. மலையகத்திலிருந்து வந்து கூலிக்கு வயல் செய்யும் மூக்கனின் மகள் தர்மிளா அதை மடியில் வைத்துக் கவனமாகத் திறந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முகம் வாடிவிட்டது.

“ரீச்சர், இதிலை ஆரோ முதலே கிறுக்கிப்போட்டினம்.”

ஒன்றியத்தின் நூலொன்றைத் திறந்து பார்த்த ஒருவர் சொன்ன முதல் விமர்சனம் அதுதான்.