பசி பார்க்கும் உத்தியோகம்

மலாயாவின் அவசரகாலத்தில் மேலிடத்துக்கு இரண்டு கவலைகள் இருந்தன. தோட்டத்து ஏழைகள் பசியோடு இருக்கக்கூடாது என்பது ஒன்று. அவர்கள் கையில் அரிசி இருக்கக்கூடாது என்பது மற்றொன்று. இருந்தால் முள்வேலி தாண்டி, காட்டில் பதுங்கிச் சண்டைபோடும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். இரண்டும் நியாயமான கவலைகள்தான், யார் இல்லையென்றது!

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டும் சுப்பம்மாவின் புருஷன் சின்னத்தம்பி, லாரியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ஒருத்தி சம்பளத்தில் அவனும் மூன்று பிள்ளைகளும் அவளும் பிழைக்கவேண்டும். அரை வயிறு கால் வயிறாயிற்று. ஒருநாள் பஸ் ஏறிப் பட்டணத்து நிவாரண ஆபீசில் போய் நின்றாள்.

"அரிசி தரலாம்," என்றார் அம்பிகைபாகன், அங்கே பெரிய கிளார்க்கு, யாழ்ப்பாணத்துக்காரர். "ஆனால் நீங்கள் அதைத் தோட்டத்துக்குள்ள கொண்டு போகேலாது."

"அப்ப எங்க வச்சுங்கய்யா ஆக்கித் திங்கறது?"

அவர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். "சோறாகவே சமைச்சு அனுப்புவம். எங்கட ஆள் முன்னால இருந்து பார்ப்பார். ஒரு பருக்கை மிஞ்சினாலும் உதவி நிறுத்தப்படும்."

மறுநாள் மத்தியானம் மணியம் என்கிற இளைஞர் அண்டாவோடு வந்து இறங்கினார். தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் முக்காலி போட்டு அமர்ந்து, பிள்ளைகளின் வாயையே உற்றுப் பார்த்தார். சுப்பம்மாவுக்குப் பகீரென்றது. பிள்ளைகள் தின்பதை ஒருவர் வெறும் வாயோடு பார்த்தால் கண்பட்டு வயிறு வலிக்காதா?

"தம்பி, நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"டியூட்டியில சாப்பிடக் கூடாதுக்கா."

"டியூட்டி உங்களுக்குத்தானே, வயித்துக்கு இல்லலா! சாப்பிடலேன்னா எம்புள்ளைங்களுக்கு ஆகாது."

நெத்திலி சம்பல் வாசனையும் சேர்ந்து வற்புறுத்தியது. மணியம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, 'கடைசிப் பருக்கை வரை உட்கொள்ளப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதினார். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது.

பார்க்கப் போனவர் சாப்பிடுகிறார் என்று ஆபீசில் புகார் கிளம்பியது. அவரைப் பார்க்கச் சற்குணம் என்கிறவரை அனுப்பினார்கள். சற்குணத்துக்கும் கண் இருந்ததே! அவருக்கும் ஒரு இலை போட்டாள். சற்குணத்தைப் பார்க்க அவருக்கும் மேலே ஒருவர் வந்தார், அவருக்கு இரண்டு இலை. அண்டா மட்டும் அதே அண்டாதான். சுப்பம்மா வீட்டுக்குக் கழுவிய தண்ணீர் மிஞ்சியது.

"அய்யா, எம்புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க!" என்று ஆபீசில் போய்க் கத்தினாள்.

"ரிப்போர்ட்டில அப்படியொரு பசி இல்லையே, அம்மா."

"பாக்குறவுகளுக்குத்தான் வயிறு நெறையுது! என்னையும் பாக்குற வேலைக்கு வச்சுக்குங்க!"

கோபத்தில் சொன்னாள், பாவம். அம்பிகைபாகன் முகம் மலர்ந்தது. "அந்தப் பதவியில ஒரு இடம் காலியாய்த்தான் கிடக்குது!"

மறுநாள் சுப்பம்மா கஞ்சிபோட்ட சேலை கட்டிக்கொண்டு, தன்னைப்போலவே நிவாரணச் சோறு வாங்கும் பக்கத்து வீட்டுக் காளியம்மா சாப்பிடுவதைப் பார்க்கப் போனாள். புருஷனையும் பிள்ளைகளையும் உதவிப் பார்வையாளர்கள் என்று கூட்டிப்போனாள். கண்ணுக்குப் பயந்து காளியம்மா எல்லாருக்கும் பரிமாறினாள்.

"சம்பல்ல உப்பே இல்லையே காளி? சர்க்கார் காரியம்னா அவ்வளவு எளக்காரமா?"

காளியம்மா மட்டும் ஏமாளியா என்ன? அவளும் மனுப்போட்டாள். அவளைப் பார்த்து முத்தாயி, முத்தாயியைப் பார்த்து முனுசாமி என்று லயம் முழுக்க உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் அத்தனை பேரும் முக்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடத்தான் ஆள் இல்லை.

மணியம் வெறுங்கையோடு சைக்கிளில் வந்தார்.

"அண்டா எங்க தம்பி?"

"இந்தத் தோட்டத்துல பசியே இல்ல, எல்லாரும் உத்தியோகஸ்தங்கன்னு மேலிடத்துக்கு எழுதிட்டாங்கக்கா. ரொம்ப சந்தோஷமாம், சோத்த நிறுத்திட்டாங்க."

கடைக்குட்டி அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, பசிக்குது."

சுப்பம்மா நிமிர்ந்து உட்கார்ந்து அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"சும்மா இருடா! உத்தியோகஸ்தன் பேசுற பேச்சா இது?"