கரையானுக்கு வந்த தேக்கு நிவாரணம்

ஒரு காட்டில் மாசானம் என்றோர் எறும்புதின்னி கரையான் ஒழிப்புத் தொழில் பார்த்துவந்தது. மருந்தும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. நாக்கை நீட்டினால் வேலையும் முடிந்தது, வயிறும் நிறைந்தது. இப்படி ஒரு தொழில் யாருக்கய்யா வாய்க்கும்!

பள்ளிக்கூடத் தூண்களில் கரையான் மண் ஏறியிருக்கிறதென்று தலைமையாசிரியர் ஆமை ஒருநாள் ஆள் அனுப்பியது. மாசானத்தின் ஒரே மகள் பேச்சி அங்கேதான் ஒன்றாம் வகுப்பு. ஓட்டமாய் ஓடிவந்த மாசானம் ஆசையாகத் தூணுக்குள் நாக்கை விட்டது. விட்ட வேகத்தில் தூ தூ என்று துப்பியது.

"என்ன மாசானம், உப்பு கூடிப்போச்சா?" என்றது ஆமை.

"சார், எல்லாம் எப்பவோ செத்த கரையான். இந்த மண்ணுப் பாதையப் பாருங்க, உச்சி வரைக்கும் போய்த் தேடிட்டுத் திரும்பியிருக்கு. கடைசியில ஒண்ணையொண்ணு தின்னிருக்கு. வெறும் தலையா காஞ்சு கெடக்கு. பட்டினிச் சாவு சார்!"

"மரத்தூணுக்குள்ளே பட்டினியா?"

"மரம் எங்க இருக்கு? பெயின்ட் அடிச்ச பிளாஸ்டிக். உள்ள பூரா மணல். கூரை ஏதோ பழக்கதோஷத்துல நிக்குது. எம்புள்ள அதுக்கடியிலல்லா உக்காந்திருக்கா!"

மாசானம் பதறிப்போய் அமைச்சர் நரியிடம் ஓடியது. கூரை, மணல், பிள்ளைகள் என்று அது கத்திய எதுவும் நரியின் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் ஏறியது.

"பட்டினிச் சாவா? நம்ம ஆட்சியிலா?" நரிக்கு வியர்த்துக் கொட்டியது. "சிங்கத்துக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடும்யா! உடனே தேக்கு அனுப்பறேன்."

"தூணுக்குத்தானே ஐயா?"

"தூணுக்கு எதுக்கு? கரையானுக்கு!"

மறுநாளே லாரி லாரியாகத் தேக்கு வந்தது, அதுவும் கரையான் பல்லுக்கு வாகான இளந்தேக்கு. யானைகள் அதை வகுப்பறைக்குள் சுவரோரமாகக் கூரை முட்ட அடுக்கின. 'கரையான் பசிப்பிணி நிவாரணம்' என்று பேனர் கட்டினார்கள். செத்துப்போன கரையான்களுக்கு மௌன அஞ்சலி வேறு! சேதி கேட்டு, உயிரோடிருந்த கரையானெல்லாம் ஏழு காடு தாண்டிக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கின. பயனாளிகள்மேல் நாக்குப் பட்டால் ஜெயில் என்று மாசானத்துக்கு உத்தரவும் வந்தது.

ஒருநாள் மத்தியானம், வகுப்பு நடக்கும்போதே மணல் தூண்கள் பொலபொலவென்று சரிந்தன. கூரை விழவில்லை. தேக்கு அடுக்கு தாங்கிக்கொண்டது. பேச்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாசானம் கேவிக் கேவி அழுதது. அப்புறம்தான் அதற்கு உறைத்தது. இந்தத் தேக்கைக் கரையான்கள் தின்று தீர்த்துவிட்டால்?

இப்போதெல்லாம் மாசானம் தினமும் பள்ளிக்கூடம் வருகிறது. ஊறுகிற எச்சிலை விழுங்கிக்கொண்டு, கரையான்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறது.

"நல்லா மென்னு, மெதுவாத் தின்னுங்க தாயி. எம்மவ அஞ்சாங்கிளாஸ் முடிக்கட்டும்."

நீதி: பிள்ளைகள் தலையில் கூரை விழப்போகிறது என்று மனுக் கொடுக்காதீர்கள், கரையான் பசியோடிருக்கிறது என்று கொடுங்கள்.