குடைக்காரன் ஏழு பாகங்களும் அக்காவின் கட்டைவிரலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே என் இடது முழங்காலையும் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் மனநிலையையும் தவிர மற்றவை நலம். அங்கே உன் வலது கட்டைவிரலைத் தவிர மற்றவை நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அதையும் நலமாக்கும் பொருட்டே இக்கடிதம் எழுதப்படுகிறது.

பொருள்: 'குடைக்காரன்' வீடியோ விளையாட்டின் ஏழு பாகங்களையும் நேரில் ஆடி ஒப்பிட்டு, தங்கள் விரலுக்கு உகந்த பாகத்தைப் பரிந்துரைத்தல். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவனால் 'பொருள்' போடாமல் கடிதம் எழுத முடியாது, பொறுத்துக்கொள்.

போன மாதம் பதினெட்டாம் தேதி காலையில் நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வேனைக் கழுவும்போது வழுக்கி விழுந்து விரலை உடைத்துக்கொண்டாய், ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாய், அப்போதெல்லாம் ஒரு முனகல் கிடையாது. கட்டைப் பிரித்த பிறகு, "சாவியத் திருப்ப முடியலடா"ன்னு சொன்னே. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினவள், சாவியைத் திருப்ப மாமாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்த மாமாவோ இப்போது உனக்குப் பதிலாக வேன் ஓட்டி, முதல் மணி அடித்த பிறகுதான் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்குகிறார் என்றும், இந்த மாதக் கடைசிக்குள் நீ டாக்டரிடம் கைப்பிடிச் சோதனையில் தேறாவிட்டால் அந்த ரூட்டை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் நீயே சொன்னாய். பிசியோதெரபி அம்மா, "பட்டன் அமுக்குற கேம் ஏதாவது விளையாடுங்க, கட்டைவிரல் தானா இளகும்"னு சொன்னதையும், யாரோ குடைக்காரன் பேரைச் சொன்னதையும் சொல்லிட்டு, "அதுல ஏழு பாகம் இருக்காம்டா, எதைன்னு ஆடறது"ன்னு சிரிச்சே. நான் சிரிக்கவில்லை. நான் பார்த்துச் சொல்றேன்னு போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

அங்கே பழைய டிவி, பழைய ரேடியோ எல்லாம் ரிப்பேர் பண்ணும் ஒருத்தர் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் நாலு வயர் தொங்குவதால் எல்லாருக்கும் அவர் வயர்காரர்தான். விஷயத்தைச் சொன்னதும் ஏழு பாகத்தையும் டிவியில் மாட்டி ஆட வேண்டிய மூன்று பெட்டிகளையும் இரவலாகவே கொடுத்துவிட்டார். கொடுக்கும்போதே, "மூணாம் பாகம்தான் சார், மத்ததெல்லாம் சும்மா"ன்னார். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே முடிவைச் சொல்லும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. "நான் பார்த்துச் சொல்றேன்"னு அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

குடைக்காரன் யாரென்றால், நீளமான கோட்டுப் போட்ட ஒரு குள்ளமான ஆள். ஊரின் மழையை ஒருத்தன் திருடிக்கொண்டு போய்விடுகிறான். இவன் கூரைக்குக் கூரை தாவி, எதிர்ப்பட்டவனையெல்லாம் குடையாலேயே சாத்தி, மழையை மீட்டுக்கொண்டு வருகிறான். முப்பது வருஷத்தில் ஏழு பாகம். ஏழிலும் அதே மழை, அதே திருடன். ஒரு தடவை பறிகொடுத்த பிறகாவது அந்த ஊர்க்காரர்கள் ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்.

முதல் பாகம் இருக்கிறதே, அதை மனிதர்களுக்காகச் செய்ததாகவே தெரியவில்லை. மூன்றே உயிர். மூன்றும் போனால் எந்த இடத்தில் இருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நடுவில் எங்கேயும் சேமித்து வைக்க வழியில்லை. ஒரு தடவை குதித்துவிட்டால் குதித்ததுதான், அந்தரத்தில் திசை மாற்ற முடியாது, அரசாங்க உத்தரவு மாதிரி. பலகைகள் எல்லாம் தாங்குவதற்கு ஒரு தூண்கூட இல்லாமல் மிதக்கின்றன. மூன்றாவது கட்டத்தில் ஒரு லிஃப்ட் வருகிறது, அதற்குக் கதவில்லை, கூண்டைச் சமன்படுத்த எடைக்கல் இல்லை, வேகம் மிஞ்சினால் பிடித்து நிறுத்தும் பிரேக் இல்லை, எத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு தகடுகூட இல்லை. நான் ஏற மறுத்துவிட்டேன். குடைக்காரன் அப்படியே நின்றான், நேரம் தீர்ந்து செத்தான். மறுபடி நின்றான், மறுபடி செத்தான். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த உன் தம்பி பெண்டாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏறுங்களேன், பொம்மைதானே"ன்னா. "பொம்மையா இருந்தாலும் உயிர் மூணுதான் குடுத்திருக்கான்"னேன். "அதான் நின்னுக்கிட்டே விட்டுட்டீங்களே மூணையும்"னா. அதற்குப் பிறகு ஏறினேன். லிஃப்ட் அறுந்து விழுந்தது. என் தொழில் அனுபவம் பொய்க்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நாலு நாளில் அறுபத்தொரு தடவை செத்தும் மூன்றாவது கட்டத்தைத் தாண்டவில்லை. தீர்ப்பு: முதல் பாகம் முற்றிலும் தகுதியற்றது.

இரண்டாம் பாகத்தில் அந்தரத்தில் திரும்பலாம். அந்தச் சலுகையைக் கொடுத்த கையோடு எதிரிகளை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். இதில் எனக்கு ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது, திரையில் அவன் குதிக்கும்போது இங்கே நானும் நாற்காலியிலிருந்து எழும்பித் தொப்பென்று உட்கார ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் மதியம் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், கையுறையோடு நிற்கிறார். "சார், மேல சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வாயில கை வச்சிருக்கிற பேஷண்ட் பயந்து கடிச்சுடறாங்க. இன்னிக்கு ரெண்டு பேர்"னு விரலைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் தோளுக்கு மேலே டிவியை எட்டிப் பார்த்து, "இது ரெண்டாம் பாகமாச்சே, காலேஜ்ல ராப்பகலா ஆடியிருக்கேன், அந்த நீலக் கதவு வழியா போகாதீங்க"ன்னார். போய்விட்டேன், அவர் சொல்வதற்குள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு இடைவேளையில் இங்கேதான் இருக்கிறார். ஒருநாள் அவரைத் தேடிக்கொண்டு ஒரு பேஷண்டே மாடிக்கு வந்துவிட்டார், பாதி வாய் மரத்துப்போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. திரையைப் பார்த்தவர் ஐந்து விரலைக் காட்டி ஏதோ குழறினார். "அஞ்சாம் பாகம்தான் பெஸ்ட்டுங்கறார்"னு டாக்டர் மொழிபெயர்த்தார். "அஞ்சா, கதை மட்டும்தானே அதுல"ன்னு அவரோடு டாக்டர் சண்டைக்குப் போக, மரத்த வாயை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் கால் மணி நேரம் விடாமல் பதில் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை, ஆனால் மனப்பூர்வமாகச் சொன்னார்.

மூன்றாம் பாகத்தில் குடையை விரித்து மிதக்கலாம். வயர்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது அக்கா, பார்க்க அவ்வளவு அழகு. கூரைகளுக்கு மேலே அவன் பஞ்சு மாதிரி இறங்குவதைப் பார்த்து நானே ஒரு பத்து நிமிஷம் எங்கேயும் போகாமல் சும்மா மிதந்துகொண்டிருந்தேன். உன் தம்பி பெண்டாட்டி அதன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் இப்போதும் துணி மடிக்கிறாள். ஆனால் மிதப்பதற்கு ஒரே பட்டனை அமுக்கிப் பிடித்தால் போதும், விரலுக்கு வேலையே இல்லை. நாம் அழகு பார்க்க வரவில்லை. தள்ளுபடி செய்தேன். மூன்றாம் பாகத்தின் பக்தரான டாக்டர் ஒரு நாள் முழுக்க எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

ஐந்து முதல் ஏழு வரை முதலில் முடித்துவிடுகிறேன், நாலாம் பாகம் பெரிய விஷயம். ஐந்தாம் பாகத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். குடைக்காரன் பேசுகிறான், திருடன் பேசுகிறான், திருடனுக்குக் கதவு திறந்துவிடுகிறவன் தன் சின்ன வயசுக் கஷ்டத்தைச் சொல்கிறான். ஒரு உதை கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருபது நிமிஷம் துக்கம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஆறாம் பாகம் பக்கவாட்டில் ஓடுவதை விட்டுவிட்டு முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அவன் வலப்பக்கம் போனால் ஊரே இடப்பக்கம் திரும்புகிறது. எனக்குத் தலை சுற்றி, சுவர் என்று நினைத்து ஜன்னல் திரையைப் பிடித்து, திரையும் கம்பியும் நானும் சேர்ந்து தண்ணீர்க் குடத்தின் மேல் விழுந்தோம். முழங்கால் விஷயம் அதுதான். ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் மீதியை ஆடினேன், ஆய்வு என்று எடுத்தால் பாதியில் விடுகிற வழக்கம் நமக்கு இல்லை. ஏழாம் பாகம் போன வருஷம் வந்தது. பழையபடி பக்கவாட்டு ஓட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள், அது சரி, ஆனால் இரண்டு தடவை விழுந்தால் போதும், "உங்களுக்காக நானே தாண்டட்டுமா?" என்று கேட்கிறது. என்னிடம் கேட்கிறது. "வேண்டாம்" அமுக்கினேன். மறுபடி விழுந்தேன், மறுபடி கேட்டது. ஒரே காலையில் நாற்பத்திமூன்று தடவை வேண்டாம் சொன்னேன். விரலுக்கு நல்ல பயிற்சிதான், மானத்துக்குக் கேடு.

இப்போது நாலாம் பாகம். இதில் தெருவிளக்குத் தெருவிளக்குக்கு ஆட்டம் தானாகச் சேமிக்கப்படுகிறது. விழுந்தால் போன விளக்கடியிலிருந்து எழுந்திருக்கலாம், செய்த வேலை வீண்போகாது. குதித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை குதிக்கலாம். நான் ஆட, உன் தம்பி பெண்டாட்டி கடிகாரத்தைப் பார்த்துக் கோடு போட, நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு அமுக்கல் என்று கணக்கு வந்தது, கட்டைவிரல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சமமாக வேலை செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நாலாம் பாகத்தில்தான் லிஃப்டுக்குக் கதவு வைத்திருக்கிறார்கள். மூடுகிறது, நிற்கிறது, பிறகுதான் திறக்கிறது. அதைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன், டாக்டரையும் எழுந்து நிற்கச் சொன்னேன்.

ஆகவே முடிவாகப் பரிந்துரைப்பது: நாலாம் பாகம். காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம், நடுவில் வெந்நீரில் கையை வைத்துக்கொள். வலித்தால் நிறுத்து. விழுந்தால் கவலைப்படாதே, விளக்கு இருக்கிறது. பெட்டியோடு நாளை பார்சலில் அனுப்புகிறேன். சோதனை இருபத்தெட்டாம் தேதிதானே, பதினாறு நாள் தாராளமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் தம்பி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யார் என்ன சொன்னாலும் முதல் பாகத்தைத் தொடாதே. இருக்கிற விரலும் போய்விடும், மனசும் விட்டுப்போகும். அந்த வேன் உன்னுடையது, அதில் நீதான் உட்காரப் போகிறாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். வண்டியில் மூன்றாவது கியருக்கு அப்பாலும் கியர்கள் உண்டு என்று அவரிடம் பணிவோடு தெரிவிக்கவும். உன் ஆசி எங்களுக்கும், எங்கள் பிரார்த்தனை உன் விரலுக்கும் என்றும் உண்டு.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
லிஃப்ட் ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாமா போன் செய்தார். சோதனையை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம், இன்று காலை நீ தேறிவிட்டாயாம், வேனை நீயே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாயாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டிதான் போனை வாங்கிப் பேசினாள். பிறகு நீ போனில் வந்தாய். எந்தப் பாகம் ஆடினாய் என்று கேட்டேன். "ஒண்ணாம் பாகம்தான்டா. இங்க அதுதான் கிடைச்சுது. நீ பார்த்துச் சொல்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கவா? நேத்துத்தான் முடிச்சேன், மழை வந்துடுச்சு"ன்னே. அதில் சேமிக்க வழியே இல்லையே, செத்தால் முதலிலிருந்தாச்சே, எப்படி என்று கேட்டேன். "ஆமா. முதல்லேர்ந்துன்னு போட்டான், சரின்னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். அதுலதான் விரல் இளகுச்சு"ன்னு சொல்லிட்டு, பிள்ளைகளை அழைக்க நேரமாச்சுன்னு போனை வெச்சுட்டே.

எனவே மேலே கண்ட அறிக்கை முழுவதும் ரத்து செய்யப்படுகிறது. தபால்தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். பார்சல் வராது, பெட்டி எனக்கு வேண்டியிருக்கிறது. முதல் பாகத்தை மறுபடி மாட்டியாகிவிட்டது, டாக்டர் ஒரு பேஷண்டை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு மேலே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரை போன் செய்யாதே. செய்தாலும், எப்படித் தாண்டினாய் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதே.