டம்மி போட்ட நியூட்ரான்

போர்டில் எழுதினால் அழித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். எம்.எஸ்ஸி. இயற்பியல் வரை படித்தும் எனக்கு அது ஏறவில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு குழாய் கம்பெனியில் வேலை. மனசெல்லாம் ஆராய்ச்சிப் படிப்பில். (சொந்தக்காரர்களிடம் விஞ்ஞானி என்றே சொல்லி வைத்திருந்தேன், பேராசைதான்.) நேர்முகத் தேர்வு நெருங்கியதால், மெயின்டனன்ஸ் ஷெட் போர்டில் நியூட்ரான் சிதையும் படத்தை வரைந்து பழகினேன். நியூட்ரான் ஒரு கோடாக வந்து, வழியில் புரோட்டானாக மாறிப் போகும். மாறும் இடத்தில் ஒரு நெளிகோடு கிளம்பி, எலெக்ட்ரான், எதிர் நியூட்ரினோ என்று இரண்டாகப் பிரியும். அன்றைக்கு அவ்வளவு அழகாக வந்தது. அழிக்க மனசில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். போர்டில் என்ன படம் இருக்கிறதோ, அடுத்த ஷிப்ட் அதைச் செய்து முடித்துவிடும்.

மறுநாள் காலை என் நியூட்ரான், இரும்புக் குழாயில் ஆளுயரத்துக்கு நின்றது.

"இன்னா சார், இந்த நெளிவ வளைக்கிறதுக்குள்ள பேஜாரா பூட்ச்சு" என்றார் வெல்டர் ஏழுமலை. "நாலு முனையும் தொறந்துகினு இருந்துச்சு. நீ மறந்துட்ட போலன்னு நாங்களே டம்மி போட்டுட்டோம்." (டம்மி என்றால் குழாய் முனையை அடைக்கும் தகடு.)

"அண்ணே, அது பைப்பே இல்ல. அணுவுக்குள்ள நடக்கிற சமாச்சாரம்."

"எங்க நடந்தா இன்னா சார்? தொறந்து வுட்டா லீக் ஆவும்ல?"

நேர்முகத் தேர்வில் அதே படத்தைத்தான் வரையச் சொன்னார்கள். துள்ளி எழுந்து வரைந்தேன். முடித்துப் பார்த்தால் நாலு முனையிலும் டம்மி!

"இது என்னப்பா?" என்றார் பேராசிரியர்.

"லீக் ஆகாம இருக்க சார்" என்றது என் பாழாய்ப்போன வாய்.

அவர்கள் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது. இடம் கிடைக்கவில்லை. திரும்பும் ரயிலில் நிஜமாகவே அழுதேன்.

அந்தக் கம்பெனியிலேயே தங்கிவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறேன். என் கல்யாணத்துக்கு ஏழுமலை அண்ணன், மேனேஜரிடம் கேட்டு வாங்கி, பச்சை பெயின்ட் அடித்து, அந்த நியூட்ரானைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து இறக்கினார். எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அதில்தான் காய்கிறது.

நியூட்ரினோ எதன்மேலும் படாமல் பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும் என்று மனைவிக்கு விளக்கியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இப்போதும் புதுவாயல் பக்கம் வானம் இருட்டினால் தெருவுக்கே கேட்கக் கத்துவாள்:

"இன்னாங்க, மழ வருது! நியூட்ரினோ மேல போர்வ கீது, ஓடியாந்து எடுங்க!"